நாள்தோறும் ஒரு கைப்பிடி

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்றாடம் நாம் கைக்கொள்ளும் சிறு பழக்கங்கள் துன்பக் காலத்தில் நமக்கு எவ்வாறு துணை நிற்கின்றன என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு கழகத்தார் பணித்தனர். பொருள் சிறியது போலத் தோன்றும். மேடைக்கு ஏற்ற பெரும் பொருள்கள் எத்தனையோ இருக்க, பழக்கத்தைப் பற்றிப் பேசுவதா என்று இளைஞர்கள் எண்ணலாம். ஆனால் இக்கழகத்தின் 25 ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது, இதனைக் காத்து நின்றவை பெரிய செயல்கள் அல்ல; நாள் தவறாது செய்யப்பட்ட சிறிய செயல்களே என்பது விளங்குகிறது. ஆதலால் இப்பொருள் இவ்விழாவிற்கு மிகவும் பொருத்தமானதே.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். துன்பத்தைத் தாங்கும் உறுதி என்று பேசத் தொடங்கியவுடன், "பொறுத்துக்கொள், உழை, எல்லாம் தானே சரியாகும்" என்று நமக்கு உபதேசம் செய்வோர் பலர் உண்டு. அந்த உபதேசத்தைச் செய்ய நாம் இங்கு வரவில்லை. நம் சமுதாயத்திற்கு நேர்ந்த துன்பங்களுள் மழையாலும் புயலாலும் வந்தவை சில. மனிதரால் வந்தவை பல. 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தில் 17 உயிர்களை நாம் தாமிரபரணியில் இழந்தோம். அவர்களுள் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அந்தத் துன்பத்தை எந்த நற்பழக்கமும் தடுத்திருக்காது. நீதி கேட்க வேண்டிய இடத்தில் நீதி கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் நீதி கேட்பவன் நெடுநாள் நிற்க வேண்டியிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். விண்ணப்பம் மேசைக்கு மேசை நகரும். அதற்குள் வீட்டில் உலை வைக்க வேண்டும். பிள்ளை படிக்க வேண்டும். மனம் உடையாதிருக்க வேண்டும். பொறுத்துப் போவது வேறு, நிலைத்து நிற்பது வேறு. பொறுத்துப் போவதற்குப் பழக்கம் எதுவும் வேண்டியதில்லை. நிலைத்து நிற்பதற்கோ நாள்தோறும் பழகியாக வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நம் டவுணுக்குத் தெற்கே குறுக்குத்துறையில் ஆற்றின் நடுவே நிற்கும் முருகன் கோயிலை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். தாமிரபரணி பெருகும்போதெல்லாம் அக்கோயில் நீரில் மூழ்குகிறது. வெள்ளம் வடிந்ததும் முன்போலவே வெளிப்படுகிறது. 1992ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்திலும் மூழ்கியது, 2023ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திலும் மூழ்கியது. நீர் வரும் திசையில் அதன் முகப்பு படகின் முனைபோல் அமைந்திருப்பதால் வெள்ளம் இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. ஆறு பெருகப் போகிறது என்று தெரிந்தவுடன் உற்சவ மூர்த்தியையும் எடுக்கக்கூடிய பொருள்களையும் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு சென்றுவிடுவதும் அங்கு வழிவழியாக வரும் முறை. இக்கோயில் போன்ற கோயில்களுக்குள் நம் முன்னோர் உரிமையுடன் நுழைவதற்கு 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஆயினும் கரையில் நின்று அக்கோயில் வெள்ளத்தை எவ்வாறு எதிர்கொள்கிறது என்று பார்ப்பதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நம் பாட்டன்மார் பார்த்தார்கள். நாமும் பார்க்கிறோம். வெள்ளம் வந்த பிறகு அந்த முகப்பைக் கட்டியிருக்க முடியுமா? எதை முதலில் எடுத்துக் கரையேற்றுவது என்பதை வெள்ளத்தின் நடுவே நின்று ஆராய முடியுமா? முடியாது. கல்லும் முறையும் முன்பே அமைந்திருந்தன. ஆதலால் கோயில் நின்றது.

வள்ளுவப் பெருந்தகையின் அதிகார வைப்பு முறையும் இதனையே காட்டுகிறது. துன்பம் வரும்போது மனம் அழியாதிருப்பதைக் கூறும் "இடுக்கண் அழியாமை" 63ஆம் அதிகாரம். அதற்கு முன்னே நிற்பவை "ஊக்கம் உடைமை", "மடி இன்மை", "ஆள்வினை உடைமை" என்னும் மூன்று அதிகாரங்கள். ஊக்கம் கொண்டு, சோம்பல் நீக்கி, இடைவிடாது முயல்பவனுக்கே இடுக்கணில் அழியாத நெஞ்சம் வாய்க்கும் என்பது இவ்வரிசையிலிருந்து நாம் பெறும் பாடம். உறுதி என்பது துன்பம் வந்த அன்று கடையில் வாங்கிக்கொள்ளும் பொருளன்று. அமைதியான நாள்களில் சேர்த்து வைத்த பொருள்.

இதற்கு நம் கண்முன் நிற்கும் பெருஞ்சான்று அண்ணல் அம்பேத்கர். அவரைச் சட்டமேதை என்று போற்றுகிறோம்; சிலைக்கு மாலை அணிவிக்கிறோம். அவர் எவ்வாறு படித்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பம்பாயில் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழும் குடியிருப்பில் ஒரே அறை. சமையல், உறக்கம், அடுக்கி வைத்த விறகு எல்லாம் அந்த ஓர் அறைக்குள். குடும்பத்தார் அனைவரும் படுப்பதற்கு இடம் போதாது. அவர் தந்தையார் இராம்ஜி ஒரு முறை வகுத்தார். மகன் முன்னிரவிலேயே உறங்க வேண்டும், தந்தை விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தந்தை படுத்துக்கொள்வார். மகன் விளக்கொளியில் விடியும்வரை படிப்பார். இடம் இல்லாத வீட்டில் நேரத்தைப் பங்கிட்டு இடம் உண்டாக்கிய தந்தை அவர். இப்பழக்கத்தின் பயனாக 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறினார். 1912இல் பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார்.

அதன் பின்னராவது துன்பம் விட்டதா? 1917இல் தாயகம் திரும்பியபோது, அவர் புத்தகங்களை ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் உயர்ந்த பணியில் அமர்ந்தும், குடியிருக்க ஓர் அறை கொடுப்பார் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்த அவரைத் தடி ஏந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. அன்று கண்ணீர் விட்டதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அழுதார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உறுதியுடையவன் அழமாட்டான் என்று யார் சொன்னது? அழுதவர் பம்பாய் திரும்பினார், கல்லூரிப் பேராசிரியரானார், பணம் சேர்த்து 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்தார். 1923இல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் அவர் கைக்கு வந்தது. வேலை போயிற்று, இருப்பிடம் போயிற்று, புத்தகமும் போயிற்று. ஆனால் படிக்கும் பழக்கத்தை எந்தக் கூட்டத்தாலும் தடி கொண்டு விரட்ட முடியவில்லை. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இரவும் தாம் எழுதிய புத்தரைப் பற்றிய நூலின் முன்னுரையைக் கையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். மறுநாள் விடியலில் அவர் இல்லை. பதினாறு வயதில் பழகியது அறுபத்தைந்து வயதின் கடைசி இரவுவரை உடன் வந்தது.

நம் தமிழகத்திலும் இத்தகைய சான்றோர் உண்டு. 1890இல் ஆரணிப் பகுதியில் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் நம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். கருவூலம் எதுவும் பின்னால் இல்லை. ஊர் ஊராகச் சென்று ஆதரவு தேடி, பிள்ளைகளை அழைத்து வந்து, உணவும் கல்வியும் தந்தார். 1959இல் அவர் மறைந்தார், பள்ளி மறையவில்லை. சிதம்பரத்தில் அது அரசுப் பள்ளியாக நந்தனார் பெயரைத் தாங்கி இன்றும் நடைபெறுகிறது. சென்னையில் எல். சி. குருசாமி அவர்கள் பகலெல்லாம் உழைக்கும் அருந்ததிய மக்களுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தினார். களைத்து வந்தவன் கையில் பலகையைக் கொடுப்பது எளிதான செயலா? இரவு தவறாது விளக்கை ஏற்றி வைத்ததாலேயே அது நடந்தது.

பழக்கம் ஏன் இவ்வளவு வலிமையுடையது? ஆசிரியப் பயிற்சியின்போது உளவியல் பாடத்தில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரைப் பற்றிப் படித்தோம். 1890இல் வெளிவந்த தம் பெருநூலில் பழக்கத்திற்கெனத் தனி இயலே வகுத்தவர் அவர். நாள்தோறும் சிறிதளவு முயற்சியைக் கைவிடாது செய்து வருவது, வீட்டிற்குக் காப்பீடு செய்வதைப் போன்றது என்பது அவர் கருத்து. செலுத்தும்போது பயன் எதுவும் தெரியாது; வீடு தீப்பற்றிய நாளில் அதுவே காக்கும். துன்பம் வந்த வீட்டில் முதலில் கெடுவது எண்ணிப் பார்க்கும் ஆற்றல். எதைச் செய்வது, யாரிடம் போவது, எங்கே தொடங்குவது என்று மனம் சுழலும். அந்த நேரத்தில் ஆராய்ச்சி வேண்டாது தானே நடக்கும் செயல் பழக்கம் ஒன்றுதான். கணவனை இழந்த வீட்டிலும் மறுநாள் காலை ஒரு தாய் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். துக்கம் இல்லாமல் அன்று, கை பழகியிருப்பதால். அந்த அடுப்பைச் சுற்றித்தான் குடும்பம் மீண்டும் எழுகிறது.

பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் பங்கேற்றனர். ஒரு செயல் தானே நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாள்கள் போதுமாயின. சிலருக்கு 254 நாள்கள் வரையிலும் ஆகும் என்று கணக்கிட்டனர். இன்னொரு செய்தியும் அதில் உண்டு. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆகவே, ஒரு நாள் விட்டுப் போயிற்றே என்று முழுவதையும் கைவிடுவது பேதைமை. விட்ட மறுநாளே தொடங்குவதும் ஒரு பழக்கந்தான். நம்மைப் போன்றோர்க்கு மிகவும் வேண்டிய பழக்கம் அதுவே.

இனி நம் கழகத்தின் கதைக்கு வருவோம். அந்த ஜூலை மாதத்திற்கு அடுத்த ஆண்டில், ஒரு கீற்றுக் கொட்டகையில், ஒரு குண்டு பல்பின் கீழே, 14 பிள்ளைகளோடு மாலைப் படிப்பகம் தொடங்கிற்று. பணம் இல்லை. அப்போது நம் தாய்மார் ஒரு வழி சொன்னார்கள். உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. நம் பகுதியில் பல ஊர்களில் பெரியோர் கையாண்ட வழி அது. ஒரு கைப்பிடி 40 கிராம் என்று கொண்டாலும், இரு வேளைக்கு 80 கிராம்; மாதத்திற்கு 2 கிலோ 400 கிராம். முப்பது வீடுகள் சேர்ந்தால் மாதம் 72 கிலோ. அந்த அரிசியை விற்ற காசில்தான் மண்ணெண்ணெயும் சாக்கட்டியும் நோட்டுப் புத்தகமும் வந்தன. எடுத்த கைப்பிடியால் எந்த வீட்டிலும் எவர்க்கும் வயிறு குறைந்ததில்லை.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வடகிழக்கே மிசோரம் மலைநாட்டில் 1910ஆம் ஆண்டு முதல் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைத் திரட்டியே தங்கள் திருச்சபையின் பணிகளுக்குப் பெரும்பொருள் சேர்த்து வருகிறார்கள். நம் மாநிலத்தில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பெருகியதும் சிறு சேமிப்பை விடாது சேர்த்த பழக்கத்தால்தான். வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்குச் சேமிப்பு என்பது பணம் மட்டுமன்று; வட்டிக்காரன் வாசலில் நிற்காதிருக்கும் மானமும் ஆகும்.

பெருமைகளை மட்டும் சொல்லி அமர்வது நேர்மையாகாது. நம் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். படிப்பகம் தொடங்கிய ஏழாம் ஆண்டில், பதினொன்றாம் வகுப்பு படித்து வந்த மாணவன் ஒருவன். கணக்கில் கூர்மையானவன். அவன் தாயார் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றுவார். அவன் அருகில் அமர்ந்து கட்டுகளை எண்ணி, கட்டுக்கு 25 என்று பெருக்கிச் சொல்லியே வாய்பாட்டில் தேர்ந்தவன். அவன் தந்தையார் திடீரென்று காலமானார். துக்கம் கேட்கப் போனோம், திரும்பினோம். அதன் பின் அவன் படிப்பகத்திற்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நாம் நாள்தோறும் தவறாது "வரவில்லை" என்று குறித்தோம். துக்க வீடு, சில நாள் போகட்டும் என்று எண்ணினோம். இருபது நாள் கழித்து வீட்டிற்குச் சென்றபோது, அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. தாயார் நம்மைக் குறை கூறவில்லை. "ஸார், நீங்க வருவீங்கன்னு ஒரு வாரம் பார்த்துக்கிட்டு இருந்தான்" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த ஒரு வாரத்தை இன்றுவரை நம்மால் மறக்க இயலவில்லை. அவனுக்குப் படிக்கும் பழக்கம் இருந்தது. நமக்குத்தான் தேடிச் செல்லும் பழக்கம் இல்லை. தனி மனிதன் எத்துணை உறுதியுடையவனாயினும், தனியே நிற்கும் மரம் காற்றுக்கு எளிது. அன்று கழகக் கூட்டத்தில் ஒரு விதி செய்தோம். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டிற்கு நான்காம் நாள் மாலை இருவர் சென்றே ஆக வேண்டும். காரணம் கேட்பதற்கு அன்று; பார்த்து வருவதற்கு. அறிவுரை கூறலாகாது, தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு, அன்றைய பாடத்தின் நோட்டை வைத்துவிட்டு வர வேண்டும். இவ்வளவுதான். இந்த நான்காம் நாள் நடை அன்று முதல் நடந்து வருகிறது. அதன் பின்னும் சில பிள்ளைகளை இழந்தோம், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் திரும்பி வந்தனர் என்பதற்கு இந்த மேடையில் அமர்ந்திருக்கும் இரண்டு ஆசிரியைகளும் ஒரு செவிலியரும் சான்று. அந்த மாணவனும் இன்று தம் மகளை நம் படிப்பகத்தில் சேர்த்திருக்கிறார். மகள் ஒரு நாள் வராவிட்டாலும் நம் கால்கள் அந்த வீட்டை நோக்கித் தாமே நடக்கின்றன.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனாவால் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் படித்தான். இல்லாத வீட்டுப் பிள்ளை என் செய்வான்? நாம் பணியாற்றிய அரசுப் பள்ளியில் பின்னர் வகுப்புகள் திறந்தபோது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் எழுத்துக் கூட்டி வாசிக்கவே தடுமாறியதைக் கண்டோம். தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களை மாலை வேளையில் பிள்ளைகள் வாழும் தெருவிற்கே அனுப்பிற்று. அந்தத் தன்னார்வலர்களுள் நம் படிப்பகத்தில் பயின்ற பெண்களும் இருந்தனர். தெருவில் பாய் விரித்துப் பாடம் சொல்வது அவர்களுக்குப் புதிதன்று. அவர்களே அவ்வாறு படித்தவர்கள்தாமே!

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு நீருக்கு நடுவே நின்றது. நம் மாநகரில் ஆற்றங்கரைத் தெருக்களில் இடுப்பளவும் அதற்கு மேலும் நீர். அரையாண்டுத் தேர்வு நேரம். பாடப் புத்தகங்கள் நனைந்தன. அவற்றினும் கொடியது, சான்றிதழ்கள் நனைந்தது. நம் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் வெறும் தாள் அல்லவே! நகல் சான்றிதழ் வழங்க அரசு முகாம்கள் நடத்தியது உண்மை. ஆயினும் அலைச்சல் அலைச்சலே. அவ்வெள்ளத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டில் பாத்திரம் போயிற்று, பாய் போயிற்று, ஆடு ஒன்றும் போயிற்று. பேத்தியின் சான்றிதழ்கள் மட்டும் போகவில்லை. கழகத்தின் மாதக் கூட்டத்தில் சொன்னபடி, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்டி, கூரைக் கட்டையின் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். எடுத்த காரியம் முடிந்ததும் அன்றே அங்கே மாட்டிவிடுவது அவர் வழக்கம். எழுதப் படிக்க அறியாத அம்மையார். எழுத்தின் அருமையை நம்மைவிட நன்கு அறிந்தவர். குறுக்குத்துறைக் கோயிலின் மேலக்கோயில் முறையே அந்தக் கூரை ஆணி என்று நாம் சொன்னால் தவறாகாது.

மற்றொரு துன்பத்தையும் சொல்லாது விட முடியாது. 2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டான். சாதி பள்ளிக்கூடத்தின் வாசற்படியைத் தாண்டி வகுப்பறைக்குள் வந்துவிட்டதை நாடே கண்டது. அரசு நீதியரசர் கே. சந்துரு அவர்களின் தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை அளித்தார். அறிக்கைகள் செயலாக வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அம்மாணவன் அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்வை எழுதித் தேறினான். அத்தேர்ச்சியைப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டோடு நிறுத்திக்கொண்டு, இவ்வளவு உறுதி ஒரு சிறுவனுக்கு ஏன் தேவைப்பட வேண்டும் என்று கேட்க மறந்தோமானால், நாம் பெரியவர்கள் அல்லோம். தலைமையாசிரியர் என்ற முறையில் இக்கேள்வி முதலில் நம்மை நோக்கியதே. வகுப்பறையில் கையில் கட்டும் வண்ணக் கயிற்றையும் பெயரோடு ஒட்டி வரும் ஏளனத்தையும் கண்டும் காணாததுபோல் கடந்து செல்வதும் ஒரு பழக்கமே. தீய பழக்கமும் சிறிதாகத்தான் தொடங்குகிறது.

இளைஞர்களே, இத்துணையும் கேட்டபின், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஐந்து செயல்களை மட்டும் கூறுகிறோம். ஐந்தும் பணம் கேளாதவை.

ஒன்று, நாள்தோறும் பத்துப் பக்கம் படியுங்கள். பாடநூலுக்கு வெளியே. ஆண்டிற்கு 3650 பக்கம். 200 பக்கமுள்ள நூல்கள் 18. கழகத்தின் வயதாகிய 25 ஆண்டும் இவ்வாறு படித்தவன் 450 நூல்களுக்கு மேல் முடித்திருப்பான். அவனை அலுவலகத்திலோ அவையிலோ எளிதில் ஏமாற்ற முடியாது.

இரண்டு, அன்றன்றைய வரவு செலவை அன்றிரவே எழுதுங்கள். வட்டிக்கு வாங்கிய பணம் எங்கே போயிற்று என்று தெரியாத வீட்டில் கடன் குடியேறிவிடும். எழுதிய கணக்கைக் கண்டு கடன் கூசும்.

மூன்று, வீட்டின் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, பட்டா ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு உயர்ந்த இடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். உதவித்தொகைக்கும் முதல் பட்டதாரிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கும் கடைசி நாளைச் சுவரில் எழுதி வையுங்கள். நாள் கடந்ததால் இழந்த உதவி, பிறர் பறித்துக்கொண்ட உதவியைப் போலவே நமக்கு இழப்புத்தான்.

நான்கு, எழும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் ஒழுங்கு செய்யுங்கள். கைப்பேசியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு உறங்குங்கள். மதுக்கடையைக் கடந்து செல்லும் தெரு வேண்டாம். சுற்று வழியே ஆயினும் வேறு தெருவில் செல்லுங்கள். மன உறுதியை நாள்தோறும் சோதனைக்கு உள்ளாக்குவதைவிட வழியை மாற்றிக்கொள்வது அறிவுடைமை.

ஐந்து, நாள்தோறும் ஒருவரையேனும் விசாரியுங்கள். "சாப்பிட்டாயா? இன்று ஏன் வரவில்லை?" என்னும் இரண்டு கேள்விகள் போதும். மேற்கூறிய நான்கும் உங்களைக் காக்கும். இந்த ஐந்தாவது நம் அனைவரையும் காக்கும்.

இவ்வைந்தையும் நாளையே தொடங்க வேண்டுவதில்லை. ஒன்றைத் தொடங்குங்கள், அது கையோடு ஒட்டிய பின் அடுத்ததற்குச் செல்லுங்கள். நம் ஊர் அல்வாவைக் கிண்டுபவரைப் பாருங்கள். ஒரேயடியாகப் பலங்கொண்டு கிண்டுவதில்லை, நிறுத்தாமல் கிண்டுகிறார். கை நின்றால் அடிப்பிடித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். கைப்பிடி அரிசிப் பானை இப்போது பல வீடுகளில் இல்லை. நன்கொடை வருகிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, இனி எதற்கு என்று நிறுத்திவிட்டோம். அரிசி நமக்கு இன்று தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கைப்பிடியை எடுக்கும்போதெல்லாம் வீட்டுப் பிள்ளை, "இது எதற்கு அம்மா?" என்று கேட்டது, நீங்கள், "படிப்பகத்திற்கு" என்றீர்கள். அந்தக் கேள்வியும் விடையும் நின்றுபோயின. வெள்ளி விழாவின் நினைவாக அப்பானையை மீண்டும் அடுப்படியில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சேரும் அரிசி, திடீரென்று வருவாய் இழந்த வீட்டிற்கு, எவரும் அறியாதவாறு போய்ச் சேரட்டும். நான்காம் நாள் நடக்கும் இருவர் அதனையும் கொண்டு செல்லட்டும்.

இக்கழகத்தைத் தொடங்கியவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் நமக்குக் கட்டடம் எதையும் விட்டுச் செல்லவில்லை. கட்டடம் நாம் பின்னர்க் கட்டியது. மாலை ஆறரை மணிக்கு விளக்கேற்றும் பழக்கத்தை விட்டுச் சென்றார்கள். இன்று விழா நாள்; நாளை விழா இல்லை; பந்தலைப் பிரித்துவிடுவார்கள். நாளை மாலை ஆறரை மணிக்கு விளக்கு எரிய வேண்டும். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துடன் வர வேண்டும். வராத பிள்ளையின் பெயரை யாரேனும் குறித்துக்கொள்ள வேண்டும்.